தம்பர் துறைமுகத்துக்கு வந்தால்: சிரித்திரன் சுந்தருக்கான அஞ்சலிச் சித்திரங்கள் பற்றிச் சில கருத்துக்கள்

கேலிச்சித்திரத்தை எமது விமர்சன உலகம் நெடுங்காலமாகப் பத்திரிகையின் ஓர் உபகரணமாகவே கருதி வந்துள்ளது. சிறுகதை, நாவல், கவிதை, நாடகம் ஆகியன பற்றிப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலர்களில் கட்டுரைகள் பல வெளிவந்தன. உருவமா உள்ளடக்கமா என்ற விவாதங்கள் சூடாக நிகழ்ந்தன. ஒரு கோட்டினாலும் இரண்டு வரிப் பேச்சினாலும் ஒரு சமூகத்தைத் தன்னையே பார்த்துச் சிரிக்கச் செய்த கலைஞர்களோ அவ்விவாதங்களின் வாசலில் நிறுத்தப்பட்டனர். அவர்களை நினைவில் வைத்திருந்தோர் பெரும்பாலும் சாதாரண வாசகர்களே. அந்த நினைவு, தாம் விரும்பும் சித்திரக்காரரின் பாத்திரங்களைத் தம் கையால் மீள வரைந்து அவருக்கு மரியாதை செய்யும் வழக்கமாக இன்று உருக்கொண்டிருக்கிறது. உலகெங்கும் படக்கதை இரசிகரிடையே வேரூன்றிவிட்ட இவ்வழக்கத்தின் விளைபொருளை அஞ்சலிச் சித்திரம் என்று இக்கட்டுரையில் வழங்குவோம். இதனை இரசிகரின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை என்பதே எமது நிலைப்பாடு. ஒரு கலைஞனை மீள வரைபவர் அவனை வாசித்திருக்கிறார். எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்பதில் ஒரு மதிப்பீடு அடங்கியிருக்கிறது. அவ்வகையில் அஞ்சலிச் சித்திரமும் விமர்சனத்தின் ஒரு கிளையேயாகும்.

ஈழத்துத் தமிழில் இத்தகைய அஞ்சலிக்கு முதல் உரித்துடையவர் யாரென வினவின், விடை பற்றி அதிகம் ஐயுற வேண்டியதில்லை. சிரித்திரன் சுந்தர் என்று அறியப்பட்ட சி. சிவஞானசுந்தரம் (1924–1996) கரவெட்டியிற் பிறந்தவர். கட்டடக் கலை பயிலப் பம்பாய் சென்றவர், அந்நகரின் கேலிச்சித்திர மரபில் மனம் பறிகொடுத்துத் திரும்பினார். தினகரனில் அவரது 'சவாரித் தம்பர்' இடம்பெற்றது. பின்னர், 1960களின் முற்பகுதியில், கொழும்பில் 'சிரித்திரன்' என்னும் இதழைத் தாமே ஆரம்பித்தார். அதனை யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச் சென்று, இடையீடுகளுடன் ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் உயிருடன் வைத்திருந்தார். சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும், மேனாட்டு மோகத்தைப் பெயரிலேயே சுமந்து நின்ற டாமோடிரன் தம்பதியரும், மைனர் மச்சானும் அவ்விதழ் வழியாகவே வீடுகளுக்குட் புகுந்தனர். ஆசிரியரும் அவரே, சித்திரக்காரரும் அவரே. சொந்த இதழின் பக்கத்தில் வரைபவனது கோட்டை எந்த முதலாளியும் திருத்த முடியாது. அதற்கு ஈடாக, அச்சுக்கூலியும் கடதாசி விலையும் அவனது இரவுகளைத் தின்னும். சுயாதீனம் என்ற சொல்லுக்கு எமது சூழலில் இதுவே நடைமுறைப் பொருள்.

சுந்தரின் கலையில் நாம் முதன்மையாகக் கொள்வது யாது? அவரது கோட்டின் எளிமையை மெச்சுவோர் உளர்; அது பொருத்தமானதே. பேச்சுத் தமிழை அவர் கையாண்ட திறனை மெச்சுவோரும் உளர். பின்னையதைச் சற்று அழுத்திக் கூற வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மரபு பற்றிய பெரும் விவாதம் நிகழ்ந்தபோது, பேச்சு வழக்கில் எழுதிய முற்போக்கு எழுத்தாளர்கள் 'இழிசனர் வழக்கை' இலக்கியத்துட் புகுத்துகிறார்கள் என்று பண்டிதர் சிலர் குற்றஞ்சாட்டினர். அதே காலப்பகுதியில், எவரிடமும் அனுமதி கேளாமல், யாழ்ப்பாணத்துப் பேச்சைச் சித்திரத்தின் கீழ் அச்சேற்றிக் கொண்டிருந்தவர் சுந்தர். மண்வாசனை என்று நாம் சிறுகதையில் தேடிய பண்பு, கேலிச்சித்திரத்தில் முன்னரே கமழ்ந்துகொண்டிருந்தது என்று கூறுவதில் மிகையில்லை.

ஆயினும் கோடும் மொழியும் அவரது கருவிகள் மாத்திரமே. அவற்றைக் கொண்டு அவர் செய்தது, தம்மவரைத் தாமே கேலி செய்தல். சவாரி என்பது யாழ்ப்பாணத்து மாட்டுவண்டி ஓட்டப் போட்டி; அச்சொல்லை அடைமொழியாகப் பெற்ற தம்பர் அம்மண்ணின் பெருமித உணர்வுக்கு ஒரு திருவுரு. அத்திருவுருவைப் பார்த்துச் சிரிக்கும் வாசகன் தன் மாமனையும் அயலவனையும், சற்று நேர்மையிருப்பின் தன்னையும், அதில் இனங்காண்கிறான். அயலானைப் பழித்துச் சிரிப்பூட்டுவது எளிது. அதற்கு எக்காலத்திலும் சந்தை உண்டு. தன் வீட்டு முற்றத்தைக் கூட்டி அக்குப்பையைத் தெருவிற் காட்டுவதற்குத் தனித் துணிவு வேண்டும். துப்பாக்கிகள் பல தரப்பினர் கையிலும் இருந்த தசாப்தங்களில் அத்துணிவின் விலை கூடியிருந்தது.

இங்குதான் அஞ்சலிச் சித்திரத்தின் இடர் தொடங்குகிறது. கேலிக்கு உள்ளான பாத்திரம், காலம் கடந்ததும் பாசத்துக்கு உரியதாகிவிடுகிறது. 1996இல் சுந்தர் மறைந்தபோது, அவர் கேலி செய்த கிராமத்தின் பெரும்பகுதி 1995இன் மாபெரும் இடப்பெயர்வில் வெறிச்சோடியிருந்தது. இழந்த ஊரின் ஒவ்வொரு தடயமும் புனிதமாகும். கனடாவிலோ ஐரோப்பாவிலோ வாழும் ஒருவர் தம்பரை வரையும்போது, பனையும் வேலியும் வண்டியும் அவர் கையில் தாமாகவே இனிமை பெற்றுவிடுவது இயல்பே. அவ்வுணர்வை நாம் ஏளனஞ் செய்யவில்லை. ஆனால் விளைவு என்ன? வேலியை நகர்த்தும் தம்பர் போய், வேலியோரம் நின்று புன்னகைக்கும் தம்பர் வருகிறார். எள்ளல் பண்பாட்டுச் சின்னமாக உறைந்துவிடுகிறது. சட்டையிலும் கோப்பையிலும் நாட்காட்டியிலும் அச்சிடுதற்கு ஏற்ற உருவம் அதுவே.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பம்பாயின் ஆர். கே. லக்ஷ்மண் 1951 முதல் வரைந்துவந்த 'சாமானியன்', வாய் திறவாமல் அரசின் பொய்களைப் பார்த்து நின்றவன். 1988இல் இந்திய அஞ்சல் துறை அவனை முத்திரையில் பொறித்தது; 2001இல் புனே நகரில் அவனுக்குச் சிலை எழுந்தது; ஒரு விமானக் கம்பனி அவனைத் தன் விளம்பர உருவாக்கிக் கொண்டது. இவற்றை வெற்றி என்று கொண்டாடலாம். அரசைப் பார்த்து வாயடைத்து நின்றவனை அரசே முத்திரையில் ஒட்டிவிட்ட பின், அவன் பார்வையில் எஞ்சுவது என்ன என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. சிங்களத்தில் கமிலஸ் பெரேராவின் கஜமன் நெடுங்காலம் மக்களிடையே உலவி, 2023இல் முப்பரிமாண அசைவூட்டத் திரைப்படமாக வெளிவந்தான். அவ்வுருமாற்றத்தை ஆராய்வது சிங்கள விமர்சகரின் பணி.

இனித் திருகோணமலைக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் சித்திரக்காரருக்கான அஞ்சலியைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து நோக்குவானேன் என்று வாசகர் வினவக்கூடும். தம்பரை அவரது சொந்த முற்றத்தில் வைத்து வரைந்தால் நகல் நன்றாக வந்துவிடும். வரைபவர் சுந்தரைப் புரிந்துகொண்டாரா என்பது புலப்படாது. பனைவேலி இல்லாத ஒரிடத்தில் அவரை நிறுத்திப் பார்க்கும்போதே அது புலப்படும். அதற்குத் துறைமுக நகரைப் போல் தக்க உரைகல் பிறிதில்லை. இங்கு வடபுலத்துத் தம்பர்கள் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் வணிகராகவும் பல தலைமுறைகளாக வந்து சேர்ந்துள்ளனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3,79,500. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டத்தில் எச்சமூகத்துக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஒரு சமூகம் தன்னை மட்டும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க இயலாத ஊர் இது. தம்மவர் என்ற சொல்லின் எல்லை எங்கே என்ற வினா ஒவ்வொரு தெருமுனையிலும் எழும்.

ஒரு பரிசோதனை செய்து பார்ப்போம். சுந்தரிடம் பற்றுக்கொண்ட ஒருவர் தம்பரையும் சின்னக்குட்டியையும் பிரெட்ரிக் கோட்டை வாசலில் நிறுத்தி வரைகிறார் எனக் கொள்வோம். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழி அது. உள்ளே இராணுவ முகாம். முகாமுக்கும் வீதிக்கும் கோயிலுக்கும் இடையே புள்ளிமான்கள் எவர் தடையுமின்றி உலவுகின்றன. தம்பர் கேட்கிறார்: "உந்த மானெல்லாம் ஆற்றை காணியிலை மேயுது?" சின்னக்குட்டியின் பதில்: "கேக்கப் போனவை இன்னும் வரேல்லை, தம்பரண்ணை."

மோசமான சித்திரமன்று. சிரிப்பின் அடியில் ஒரு குளிர் ஓடுகிறது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் இன்றுவரை படங்களை ஏந்தி வீதியோரம் நிற்கும் நாட்டில் அப்பதிலின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. எனினும் இது சுந்தருக்கு அஞ்சலியா என்று கேட்டால், பாதி ஆம் என்றே கூறுவோம். இங்கு தம்பர் நியாயமான கேள்வியைக் கேட்பவராகிவிட்டார். நகைப்பின் அம்பு முழுவதும் வெளியே பாய்கிறது; தம்பர்மீது ஒரு கீறலும் இல்லை. தம்பரை நீக்கிவிட்டு வேறெவரை நிறுத்தினாலும் சித்திரம் பழுதுபடாது. ஆகவே அவர் இங்கு அலங்காரம்.

மீண்டும் முயல்வோம். இப்போது தம்பர் நகரின் கடற்கரையில் ஒரு மேடையில் நின்று முழங்குகிறார்: "எங்கடை மண்ணிலை ஒரு அங்குலமும் விடமாட்டம்!" மேடைக்குக் கீழிருந்து சின்னக்குட்டி: "அப்ப ஊரிலை பக்கத்து வளவுக்காரன்ரை அந்த ஒன்றரைப் பரப்பு?" இச்சித்திரத்தில் காணிப் பறிப்புப் பற்றிய முறைப்பாடு பொய்யாகிவிடவில்லை. கிழக்கில் குடியேற்றத் திட்டங்களாலும் உயர்பாதுகாப்பு வலயங்களாலும் மக்கள் நிலம் இழந்தமை வரலாறு. அம்முறைப்பாட்டைச் சொல்ல வந்தவரின் கையிலேயே வேலிக் கதியால் இருப்பதைச் சித்திரம் காட்டுகிறது. தம்பரை நீக்கினால் இது குலைந்துவிடும். இங்கு வரைபவர் சுந்தரின் உருவத்தை மட்டும் பெறவில்லை. அவரது பார்வையையும் பெற்றிருக்கிறார். முதலாவது சித்திரத்துக்கே கைதட்டல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதையும் நாம் அறிவோம். இரண்டாவதற்கு வசையும் கிடைக்கலாம். சுந்தருக்கும் கிடைத்திராமலா இருக்கும்?

உருவத்தைப் பெறுதல், பார்வையைப் பெறுதல் என்ற இவ்வேறுபாட்டை ஐரோப்பியப் படக்கதை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. பெல்ஜியக் கலைஞர் எர்ஜே வரைந்த டின்டினை நகல் செய்தோர் கணக்கற்றோர். 1977இல் ரொட்டர்டாம் நகரில் டின்டின் பற்றிய கண்காட்சி ஒன்றையொட்டி, ஒல்லாந்தச் சித்திரக்காரர் யூஸ்ட் ஸ்வார்ட்டே எர்ஜேயின் முறைக்குத் 'தெளிகோடு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். நிழலும் கீறலும் தவிர்த்து, எல்லாப் பொருள்களையும் ஒரே கனமுள்ள கோட்டால் வரையும் முறை அது. அம்முறையைக் கைக்கொண்டு, எர்ஜே ஒருபோதும் வரைந்திருக்கமாட்டாத உலகங்களை ஸ்வார்ட்டே வரைந்தார். ஆசானின் பாத்திரத்தைத் தொடாமலே ஆசானை வாசிக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. எர்ஜே 1983இல் இறந்தபின் அவரது உரித்தாளர்கள் பாத்திரங்களைக் கடுங்காவலில் வைத்தனர். முறையைக் காவலில் வைக்க எவராலும் முடியவில்லை.

யப்பானிய உதாரணம் வேறொரு விதத்தில் எமக்கு உகந்தது. 1975 டிசெம்பரில் தோக்கியோவில் முதன்முறையாகக் கூடிய படக்கதை இரசிகர் சந்தையில் 32 குழுக்கள் மட்டுமே தம் வெளியீடுகளுடன் பங்குபற்றின. வந்தோர் ஏறத்தாழ 700 பேர். இன்று அது பல இலட்சம் மக்கள் திரளும் பெருஞ்சந்தை. கவனிக்க வேண்டியது யாதெனில், அதனைத் தொடங்கியோர் படக்கதை விமர்சனத்தில் ஈடுபட்ட ஒரு சிறு குழுவினர். வணிகப் பதிப்பகங்களுக்கு வெளியே பேசவும் வரையவும் இடம் வேண்டுமென்பதே அவர்கள் நோக்கம். இரசிகர் வரைதலும் விமர்சனமும் அங்கு ஒரே தொட்டிலில் வளர்ந்தன. எம்மிடையே விமர்சகர் ஒரு பக்கமும் வரைபவர் மறுபக்கமுமாக இருப்பது எவ்வகையிலும் தவிர்க்க இயலாத நியதியன்று.

துறைமுகத்துக்கே மீள்வோம். இப்பகுதியில் சித்திரம் வரைபவர் முன்னுள்ள இடர்களை வெறும் அழகியல் இடர்களாகக் கருதிவிடலாகாது. 2006 சனவரி 2ஆந் திகதி கடற்கரையோரம் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று முதலில் கூறப்பட்டது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள், அவர்கள் உடலில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டின. அதே மாதம் 24ஆந் திகதி இந்நகரிலேயே அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் போதிய சான்றில்லையென விடுவிக்கப்பட்டனர். கேலிச்சித்திரக்காரரும் பத்தி எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட காணாமற்போனதும் ஒரு சனவரி 24இல்தான், ஆண்டு 2010. படம் என்பது இந்நாட்டில் உயிரோடு விளையாடும் பொருள். எனவே இளைஞர் ஒருவர் மான்களையும் பனைவேலியையும் மட்டும் வரைந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், அவரைக் கோழை என்று சுட்டுவதற்கு நூலகத்தில் அமர்ந்து எழுதும் எமக்கு உரிமையில்லை. ஆனால் அத்தகைய ஒதுங்கலைச் சுந்தரின் பெயரால் செய்யும்போது, அவர் எதனைச் செய்தார் என்பதே மறக்கப்படுகிறது. இதைக் கூறும் கடமை எமக்குண்டு.

இன்னுமொரு சிக்கல். கிண்ணியாவிலோ மூதூரிலோ பிறந்த முஸ்லிம் இளைஞர் ஒருவர் தமிழில் வாசித்து, சுந்தரின் சித்திரங்களில் ஈடுபாடு கொண்டு, அவருக்கு அஞ்சலி செய்ய விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் தம்பரை வரைய வேண்டுமா? வரையலாம், ஆனால் அவர் கையில் தம்பர் 'தம்மவர்' அல்லர். தமிழ் வாசகன் அதனை அயலவன் செய்த கேலியாகக் கொள்ளக்கூடும். நிகழ்ந்தவற்றின் பின்னர் இரு சமூகங்களுக்கும் இடையே அவ்வளவு நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை. அவர் தம் ஊரிலேயே ஒரு தம்பரைத் தேடுவதே மேல். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை பாதையில் ஏறிக் கடந்த மக்களிடையே, மூதூருக்குக் கொட்டியாரக் குடாவினூடு படகேறிய மக்களிடையே, அத்தகையோர் இல்லாமற் போகமாட்டார்கள். அவ்வாறு பிறக்கும் பாத்திரத்துக்கு யாழ்ப்பாணச் சாயல் சிறிதும் இல்லாதிருப்பினும், சுந்தருக்குச் செய்யப்பட்ட அஞ்சலிகளுள் அதனையே தலைசிறந்ததாக நாம் மதிப்போம். தேசிய இலக்கியம் பற்றிய விவாதத்தில் யாழ்ப்பாணத்து மண்வாசனை அனைத்தீழ மண்வாசனையாக எண்ணப்பட்ட குறை இருந்தது. அக்குறையைச் சித்திரத்திலும் தொடர வேண்டியதில்லை.

பக்தி மிகுந்தவிடத்து விமர்சனம் குன்றும் என்பதால், சுந்தரின் வரையறை ஒன்றையும் குறிப்பிடுவோம். மேனாட்டு மோகத்தை எள்ளிய அக்காலத் தமிழ் நகைச்சுவை இதழ்கள் பல அம்மோகத்தின் சுமையைக் கணவனைவிட மனைவியின் தலையிலேயே அதிகம் ஏற்றின. அவள் உடை, அவள் ஆங்கிலம், அவள் செலவு. சிரித்திரனையும் இதற்கு முற்றிலும் விலக்காகக் கொள்ளவியலாது. இன்று டாமோடிரன் தம்பதியரை மீள வரைய முனையும் பெண்ணொருவர், அச்சுமையை இடம்மாற்றி வரைவாராயின் அது ஆசானுக்கு எதிரான குற்றமாகாது. கேலி செய்யக் கற்றுத் தந்தவனைக் கேலியிலிருந்து காப்பாற்ற வேண்டியதில்லை.

நகல் செய்யும் உரிமை பற்றியும் ஓரிரு சொற்கள். சிரித்திரன் இதழ்கள் பலவற்றை, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் எவரும் இன்று கட்டணமின்றிப் பார்க்கலாம். பழைய அச்சின் மை கசிந்து, ஒளிவருடலில் கோடு மேலும் தடித்துத் தெரிகிறது. இத்தடிப்பையே சுந்தரின் பாணி என்று கருதி நகல் செய்தல் தவறு. அது அச்சகமும் கடதாசியும் சேர்ந்து செய்த வேலை. நகல் செய்யப் புகுவோர் பல பிரதிகளை ஒப்புநோக்கி, கை எங்கே நின்றது, எங்கே விரைந்தது என்று பார்த்தல் வேண்டும். மூலத்துக்குரியவரின் பெயரைப் படத்திலேயே குறிப்பதும், உரித்தாளரின் இசைவின்றி விற்பனைப் பொருளாக்காதிருப்பதும் குறைந்தபட்ச நாகரிகம். வாழ்நாள் முழுவதும் அச்சுக்கூலிக்கு அலைந்த ஒருவரது பாத்திரம் பிறருக்கு இலாபம் ஈட்டுவது வேடிக்கையான அஞ்சலி.

மற்றொரு பாதையும் உண்டு. மோல்டா–அமெரிக்கக் கலைஞர் ஜோ சாக்கோ 1990களில் பலஸ்தீனத்துக்குச் சென்று, நேரிற் கண்டோரின் வாக்குமூலங்களைப் படக்கதையாக்கினார். அவர் திறந்த தடத்தில் வைத்து எண்ணத்தக்க நூல், பெஞ்சமின் டிக்ஸும் லின்ட்சே பொலொக்கும் 2019இல் வெளியிட்ட 'வன்னி'. சாக்கோவின் பாத்திரம் எதுவும் அதில் இல்லை. கேட்டு, பதிந்து, கட்டங்கட்டமாக வரைந்து காட்டும் ஒழுக்கம் இருக்கிறது. அந்நூலை ஆக்கியோர் இருவரும் வெளியார் என்பதால், உள்ளிருந்து எழும் சுய எள்ளலை அதில் எதிர்பார்த்தல் நியாயமன்று. துயரத்துக்குச் சாட்சி சொல்ல வெளியார் வரலாம். எமது அற்பத்தனங்களுக்கு நாமே சாட்சி.

இறுதியாக, மூன்றாவது பரிசோதனை. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே அமைத்தனர். 1942 ஏப்பிரலில் யப்பானிய விமானத் தாக்குதலுக்குத் தப்பி எஞ்சியவை காட்டுக்குள் பல தசாப்தங்கள் துருப்பிடித்து நின்றன. 2022 சனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரு தரப்பும் சேர்ந்த கூட்டு முயற்சிக்கும் என்று பங்கிடப்பட்டன. மூன்று பங்கு. யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் சொத்தை மூன்றாகவே வகுக்கும்: முதுசம், சீதனம், தேடியதேட்டம். தாங்கிகளின் நிழலில் பத்திரிகையை விரித்து வைத்து, எது முதுசம், எது சீதனம், எது தேடியதேட்டம் என்று தம்பர் விரல்விட்டு எண்ணுகிறார். பெண் யார், மாப்பிள்ளை யார் என்று சின்னக்குட்டிக்கு விளங்கவில்லை. இருவருக்கும் பின்னால் உள்ளூர் மீனவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருக்கிறார். அவரைத் தம்பரும் கேட்கவில்லை. உடன்படிக்கை எழுதியோரும் கேட்கவில்லை. அவருக்குப் பேச்சு எழுத வேண்டாம். அவரது முகத்தைத் தம்பருடைய கோட்டிலும் சற்று மெல்லிய கோட்டில் வரைந்தாற் போதும்.